பள்ளி மேலாண்மைக் குழுவில் காம்பவுண்டுச் சுவரைத் தவிர வேறு ஏதாவது பேசியிருக்கிறீர்களா?

மேட்டுக்காட்டுக்காரி

கிண்டல் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அரசு மேல்நிலைப் பள்ளி. மகள் ப்ளஸ் ஒன், மகன் எட்டாவது. 2024-இல் பள்ளி மேலாண்மைக் குழுவை மறுபடி அமைத்தபோது என்னைத் தலைவி ஆக்கிவிட்டார்கள். போட்டியெல்லாம் கிடையாது. அன்றைக்குச் சீக்கிரமே போய் முன் வரிசையில் உட்கார்ந்ததுதான் நான் செய்த தப்பு.

முன்பு குழுவில் 20 பேர், இப்போது முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24. பெற்றோர்தான் பெரும்பான்மை. காகிதத்தில் பார்த்தால் பள்ளியே எங்கள் கையில். ஆனால் கூட்டம் வெள்ளிக்கிழமை மதியம் 3 மணிக்கு. தறிக்கும் கோழிப்பண்ணைக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிற பெண்கள் அந்த நேரத்துக்கு எப்படி வருவார்கள்? ஆறேழு பேர் வருவோம். மற்றவர்களிடம் அப்புறம் நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். தீர்மானம் என்ன என்றால் சுவர், கழிப்பறைக்குத் தண்ணீர், தொட்டி கழுவுவது, மரக்கிளை வெட்டுவது. எல்லாம் வேண்டியதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், ஏன் அதைப் படிக்கிறார்கள் என்று ஒரு கூட்டத்தில்கூடப் பேச்சு வரவில்லை.

இந்த ஜூனில் நடந்தது. ப்ளஸ் ஒன் சேர்க்கை. வராந்தாவில் ஒரு மேஜை. சார் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட்டார். 400-க்கு மேலே ஃபர்ஸ்ட் குரூப், நடுவில் இருப்பது காமர்ஸ், கீழே இருப்பவர்களுக்கு மிச்சம் இருப்பது. பிள்ளையிடம் "உனக்கு என்ன பிடிக்கும்" என்று கேட்க அந்த மேஜையில் நேரமே இல்லை. என் மகளோடு படித்த பையன் ஒருவன், 261 மதிப்பெண். தொழிற்கல்விப் பிரிவு வேண்டும் என்றான். எங்கள் பள்ளியில் அந்தப் பிரிவு ஆசிரியர் ஓய்வு பெற்றதோடு மூடியாகிவிட்டது. டி.சி. வாங்கிக்கொண்டு, போர்வெல் போடும் மாமன் ரிக் வண்டியில் சத்தீஸ்கர் போய்விட்டான். டி.சி.க்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தது நான்தான். அதனால்தான் இந்த அரிப்பு.

என் வீட்டுக்காரரும் ரிக் டிரைவர்தான். ஊரில் பாதி ஆண்கள் போர்வெல் வண்டியில் வட மாநிலங்களில். இவ்வளவு இயந்திர வேலை தெரிந்த ஊர்ப் பள்ளியில் இயந்திரவியல் பிரிவு ஏன் இல்லை என்று கூட்டத்தில் கேட்டேன். "அதெல்லாம் மேலிடத்து விஷயம்மா" என்றார் ஹெச்.எம். அடுத்து தொட்டி கழுவுவதற்குப் போய்விட்டோம்.

உங்கள் ஊரில் யாராவது படிப்பைப் பற்றி ஊராரை உட்கார வைத்துப் பேசியது உண்டா?

தறிச்சத்தம்

அக்கா, உங்கள் ஊரில் கூட்டமாவது நடக்கிறது. எங்கள் ஊரில் நோட்டு டூவீலரில் வீட்டுக்கே வரும். நானும் உறுப்பினர். என்ன தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டேன் என்று குழுவுக்கான செல்போன் ஆப்பைத் திறந்து பார்த்தால்தான் தெரியும்.

பிசிக்ஸ் டீச்சர்

அரசுப் பள்ளி முதுகலை ஆசிரியை, 17 வருடம். கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன், மன்னிக்கவும்.

அந்த மேஜையில் உட்கார்ந்து ஸ்கேல் பிடித்தவள் நான். எங்கள் பள்ளியில். ஏன் கோடு போடுகிறோம் என்று கேளுங்கள். மே மாதம் ரிசல்ட் வந்த மறுநாள் எங்களிடம் கேட்கப்படும் ஒரே கேள்வி தேர்ச்சி விழுக்காடு. பாடவாரியாக, ஆசிரியர் வாரியாக. 261 எடுத்த பையனை ஃபர்ஸ்ட் குரூப்பில் போட்டு அவன் இயற்பியலில் ஃபெயிலானால் விளக்கக் கடிதம் எழுதுவது நான்தான். அவன் பெற்றோரும் இல்லை, குழுத் தலைவியும் இல்லை.

"மேலிடத்து விஷயம்" என்று ஹெச்.எம். சொன்னது தட்டிக்கழிப்பு மட்டும் இல்லை. புதுப் பிரிவு தொடங்கத் துறை அனுமதி வேண்டும். ஆசிரியர் பணியிடம் ஆகஸ்ட் 1-ஆம் தேதி மாணவர் எண்ணிக்கையை வைத்து நிர்ணயம் ஆகும். எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் உபரி, வேறு ஊருக்கு மாறுதல். ஒரு ஹெச்.எம்.மால் நாளைக் காலையில் இயந்திரவியல் பிரிவு திறக்க முடியாது.

அப்புறம் ஊரைக் கேட்பது பற்றி. எந்த ஊரைக் கேட்பது? நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகளை பிராய்லர் பள்ளி என்று எல்லாரும் திட்டினார்கள். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தொடாமல் இரண்டு வருடமும் பன்னிரண்டாம் பாடத்தையே நடத்தினார்கள். கேட்டது யார்? பெற்றோர்தான், கடன் வாங்கிப் பணம் கட்டி. அதைத் தடுக்கத்தான் 2017-18-இல் ப்ளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வந்தது. 2018-லேயே அந்த மதிப்பெண் கல்லூரிச் சேர்க்கைக்கு வேண்டாம் என்று ஆனது. இப்போது மாநிலக் கல்விக் கொள்கையோடு 2025-26-இலிருந்து அந்தத் தேர்வே எடுக்கப்பட்டுவிட்டது. பிள்ளைகளுக்குச் சுமை குறைந்தது, சந்தோஷம். ஆனால் பதினொன்றாம் பாடத்தைத் தாண்டிக் குதிக்கும் பழக்கம் திரும்பி வந்தால், கேட்கப்போவது மறுபடி பெற்றோர்தான்.

பெற்றோர் கூட்டத்தில் என்னிடம் இதுவரை இரண்டே கோரிக்கைதான் வந்திருக்கிறது. இங்கிலீஷ் மீடியம் வேண்டும், ஃபர்ஸ்ட் குரூப் வேண்டும். பாடம் எப்படி நடக்கிறது என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை.

மேட்டுக்காட்டுக்காரி

டீச்சர், கோபம் நியாயம்தான். கேட்டதில்லை என்கிறீர்கள். கேட்டால் பதில் சொல்ல யாருக்காவது நேரம் இருக்கிறதா என்று எங்களுக்கும் தெரியாதே. பள்ளிக்குள் வந்தால் கைகட்டி நின்றே எங்களுக்குப் பழக்கம். ஆப்பில் "தலைவர்" என்று பெயர் இருந்தாலும் ஹெச்.எம். அறையில் நாற்காலியின் நுனியில்தான் உட்காருகிறேன்.

பழைய ஹெச்.எம்.

75 வயது. ஓய்வு பெற்று நாளாயிற்று. கொஞ்சம் பழைய கதை சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மக்கள் பள்ளிக்குள் வருவது நமக்குப் புதிதல்ல. காமராஜர் காலத்தில், 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. நெ.து.சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநர். ஊர் ஊராக மாநாடு, என் பள்ளிக்கு இது வேண்டும் என்று பட்டியல், ஊர்க்காரர்கள் மேடையேறிக் கொடுப்பார்கள். எங்கள் தாத்தா ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார். நான் அந்தப் பள்ளியில் படிக்கும்போதும் அது ஓடிக்கொண்டிருந்தது, பத்து நிமிடம் முன்னாலேயே.

பெஞ்சு, கரும்பலகை, நிலம், மதிய உணவுக்கு நெல் எல்லாம் ஜனங்கள் கொடுத்தார்கள். பெருமைதான். ஆனால் இப்போது யோசித்தால், அன்றும் ஜனங்களிடம் பொருளைத்தான் கேட்டோம், யோசனையைக் கேட்கவில்லை. நான் ஹெச்.எம்.மாக இருந்தபோதும் பெற்றோர் ஆசிரியர் கழகம் என்றால் எனக்கு நன்கொடை ரசீதுப் புத்தகம்தான். அந்தப் பழக்கம்தான் இன்றைக்குக் காம்பவுண்டுச் சுவராக நிற்கிறது.

சட்டத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆவது பிரிவுதான் மேலாண்மைக் குழுவுக்கு அடிப்படை. அந்தச் சட்டம் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளிலும் குழு அமைத்தது நல்லதுதான், ஆனால் யோசனை முழுக்கத் தொடக்கப் பள்ளியை வைத்தது. ஆறு வயதுப் பிள்ளைக்குப் பாதுகாப்பான சுவர் பெரிய விஷயம். பதினாறு வயதுப் பெண்ணுக்கு எந்த குரூப், அதை முடித்தால் எந்தக் கதவு திறக்கும் என்பது பெரிய விஷயம். அதற்கு அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை.

கீரிமலைக் காற்று

யாழ்ப்பாணத்தில இருந்து. எங்கட பக்கம் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் என்று இருக்கு. தலைவர் அதிபர்தான், உங்கட ஹெச்.எம். மாதிரி. பெற்றோர் தலைவராக இருக்கலாம் என்றதே எங்களுக்குப் புதினம். வெளிநாட்டில இருக்கிற பழைய மாணவர் காசு அனுப்புவினம், மண்டபம் எழும்பும், பெயர்ப்பலகை திறப்பினம். உயர்தரத்தில (உங்கட ப்ளஸ் டூ மாதிரி) கணிதம், விஞ்ஞானம் இல்லாத கிராமப் பாடசாலையைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கமாட்டினம். 2017-இல 13 வருட உத்தரவாதக் கல்வி என்று தொழில் பிரிவு தொடங்கினவை. அதுக்கு முந்தின சாதாரண தரப் பரீட்சையில சித்தியடையாத பிள்ளையும் தொடர்ந்து படிக்கலாம். நல்ல விஷயம். ஆனால் என்ர சொந்தக்காரர் ஒருத்தர் "அது பெயில் விட்ட பிள்ளையளின்ர வகுப்பு" என்று தன்ர மகனை விடேல்லை. பாடத்தை அரசாங்கம் கொண்டு வரலாம், மதிப்பை ஊர்தான் கொடுக்கவேணும்.

நீலத்துண்டு

நான் மாற்றுக் கருத்து சொல்லப்போகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

ரிக் ஓட்டுகிற ஊருக்கு ரிக் படிப்பு, தறி ஓட்டுகிற ஊருக்குத் தறிப் படிப்பு. கேட்க நன்றாக இருக்கிறது. 1953-இல் ராஜாஜியும் இதே போலத்தான் சொன்னார். பள்ளியில் மூன்று மணி நேரம், மீதி நேரம் வீட்டில் அப்பன் தொழில். குலக்கல்வி என்று பெயர் வாங்கியது, 1954-இல் அவர் பதவியும் போனது, திட்டமும் போனது. மேட்டுக்காட்டு அக்கா அந்த எண்ணத்தில் சொல்லவில்லை என்று தெரியும். ஆனால் ஊரைக் கூட்டி "யாருக்கு எந்தப் படிப்பு" என்று கேட்டால் ஊர் என்ன சொல்லும்? எங்கள் காலனிப் பிள்ளைக்குத் தொழிற்கல்வி போதும், அவர்கள் பிள்ளைக்கு ஃபர்ஸ்ட் குரூப் என்றுதான் சொல்லும். வாய்விட்டுச் சொல்லாது, பட்டியலில் தெரியும்.

என் அம்மா ஒரு முறை குழு உறுப்பினர். கூட்டம் நடந்த இடத்தில் நாற்காலி பத்து, ஆள் பதினைந்து. யார் தரையில் உட்கார்ந்தார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த விஷயத்தில் எனக்கு ஊரைவிட மேலிடத்து உத்தரவு பரவாயில்லை. உத்தரவுக்கு என் தெரு எது என்று தெரியாது.

பத்தாம் பெஞ்ச்

நீலத்துண்டு சொல்வதில் பாதிதான் எனக்குச் சம்மதம். மேலிடத்து உத்தரவு தெருவைப் பார்க்காது, சரி. பிள்ளையையும் பார்க்காதே.

நான் 2016-இல் ப்ளஸ் டூ. பத்தாவதில் 431. கோட்டுக்கு மேலே, அதனால் ஃபர்ஸ்ட் குரூப். எனக்குப் பிடித்தது வரலாறு. எங்கள் பள்ளியில் ஆர்ட்ஸ் குரூப் எடுத்தால் மக்கு என்பார்கள். உயிரியல் டயகிராம் வரைந்து வரைந்து இரண்டு வருடம் போனது. பாஸானேன், மருத்துவமும் இல்லை பொறியியலும் இல்லை. இப்போது ரிக் வண்டிக்கு ஸ்பேர் பார்ட்ஸ் விற்கும் கடையில் கணக்கு எழுதுகிறேன். கெட்ட வேலை இல்லை. கம்ப்ரசர் வேலை செய்யும் விதத்தை ஒரு மெக்கானிக் பத்து நிமிடத்தில் விளக்கியபோதுதான், பதினொன்றாம் வகுப்பில் மனப்பாடம் செய்த வாயு விதி எதற்கு என்று புரிந்தது. மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின் சோதிப்பதைப் பாடப்புத்தகத்தில் படித்தோம், தெருமுனையில் நின்ற ரிக் வண்டியை யாரும் காட்டவில்லை.

எல்லாரும் பெற்றோரைக் கேட்கலாமா, ஊரைக் கேட்கலாமா என்று பேசுகிறீர்கள். உட்கார்ந்து படிக்கிறவனைக் கேட்டீர்களா? 24 பேர் குழுவில் இப்போது படிக்கிற பிள்ளை எத்தனை பேர்?

தறிச்சத்தம்

சுளீர்னு இருக்கு தம்பி.

மேட்டுக்காட்டுக்காரி

நீலத்துண்டு சார், இரண்டு நாள் பதில் எழுத முடியவில்லை. நீங்கள் சொன்னதைப் படித்த பிறகு அந்த 261 பையன் யார், அவன் வீடு எந்தப் பக்கம் என்று யோசித்தேன். யோசிக்காமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. என் மகளுக்கு இயந்திரவியல் வேண்டும் என்று நான் கேட்டேனா? இல்லை. அடுத்த வீட்டுப் பையனுக்குத்தான் கேட்டேன்.

கூட்டம் ஒன்று போடலாம் என்று இருக்கிறேன். ராத்திரி ஏழரைக்கு. எல்லாரும் தரையில்தான், ஜமுக்காளம் விரித்து. வந்து எழுதுகிறேன்.

பிசிக்ஸ் டீச்சர்

ஏழரைக்கு என்றால் ஆசிரியர்கள் வருவது கஷ்டம், பாதிப் பேர் வெளியூர். ஒருவராவது வரச் சொல்லுங்கள். நாங்கள் இல்லாமல் நாங்கள் பேசப்பட்டால் அதுவும் தப்பாகப் போகும்.

மேட்டுக்காட்டுக்காரி

மூன்று வாரம் ஆகிவிட்டது, தாமதத்துக்கு மன்னிக்கவும்.

பள்ளியில் ராத்திரிக் கூட்டம் வேண்டாம் என்று ஹெச்.எம். தயங்கினார். இரண்டு தெருவுக்கும் பொதுவாக ரேஷன் கடை முன்னால் வைத்தோம். 40 பேருக்கு மேல் வந்தார்கள். தமிழாசிரியரும் வேதியியல் சாரும் வந்தார்கள். பத்தாம் பெஞ்ச் தம்பி சொன்னபடி ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ பிள்ளைகளை முதலில் பேசவிடுவது என்று முடிவு. பிள்ளைகள் பேசவே இல்லை. அப்பா அம்மா முன்னால் எப்படிப் பேசுவார்கள்? தமிழாசிரியர்தான் ஆளுக்கொரு துண்டுச்சீட்டு கொடுத்து, பெயர் போடாமல் "இந்த குரூப்பை ஏன் எடுத்தாய்" என்று மட்டும் எழுதச் சொன்னார்.

அதற்குள் பெரியவர்கள் பேச ஆரம்பித்தார்கள். நான் தலைகீழாக நினைத்திருந்தேன். வண்டியிலிருந்து ஊர் வந்திருந்த ஆண்கள் ஒருவர்கூட இயந்திரவியல் பிரிவு கேட்கவில்லை. "வண்டி வேலை வண்டியில் ஏறினால் ஆறு மாதத்தில் வந்துவிடும். பில் போட, இந்தி பேச, போலீஸ்காரனிடம் பேப்பர் காட்டிப் பேசத்தான் ஆள் இல்லாமல் திணறுகிறோம். அதைச் சொல்லிக் கொடுங்கள்" என்றார் ஒருவர். ஆறரை இஞ்ச் போர் ஆயிரம் அடி இறக்கத் தெரிந்த மனிதர், ஜி.எஸ்.டி. பில்லைப் படிக்க மகளிடம் போட்டோ அனுப்புகிறார். இன்னொருவர், "என் பையன் வண்டி ஏறக்கூடாது என்றுதான் நான் வண்டியில் இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து பீடி பற்றவைக்கப் போய்விட்டார். நீலத்துண்டு சார், உங்களை நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் சீட்டுகளைப் பிரித்துப் படித்தோம். "அப்பா சொன்னார்", "மார்க் வந்தது", "ஃப்ரெண்ட் எடுத்தாள்". இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். ஆனால் ஐந்து சீட்டில் ஒரே மாதிரி இருந்தது. "5.10 பஸ்."

புரியாமல் விழித்தோம். வேதியியல் சாருக்குத்தான் முதலில் புரிந்தது. சயின்ஸ் குரூப்புக்குச் சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ், விட ஆறு மணி. காமர்ஸுக்குக் கிடையாது. மேட்டுக்காட்டுப் பக்கம் சாயங்காலம் வருகிற டவுன் பஸ் 5.10. அதற்கடுத்தது எட்டு மணிக்குத்தான். பெண்களுக்கு டிக்கெட் இலவசம், ஆனால் பஸ் இருந்தால்தானே. ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிற குரூப்பில் சேர்ந்தால் இருட்டில் மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டும். அதற்குப் பயந்து 400-க்கு மேல் எடுத்த பெண்களே காமர்ஸில் சேர்ந்திருக்கிறார்கள். ஸ்கேல் வைத்து சார் போட்ட கோட்டுக்கு முன்னாலேயே பஸ் ஒரு கோடு போட்டுவிட்டது.

அந்த ஐந்து சீட்டில் ஒன்றின் கையெழுத்து எனக்குத் தெரியும். ல-வைச் சுழித்து எழுதுகிற பழக்கம் சின்ன வயதிலிருந்தே அவளுக்கு உண்டு. காமர்ஸ்தான் பிடித்திருக்கிறது என்று ஜூனில் என்னிடம் சொன்னாள். நானும் நம்பினேன். 24 பேர் குழுவின் தலைவி, ஒரே வீட்டில் இருக்கிறேன்.

பிசிக்ஸ் டீச்சர்

படித்துவிட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. எங்கள் பள்ளியிலும் சயின்ஸ் குரூப்பில் பெண்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஆர்வம் இல்லை என்று ஆண்டறிக்கையில் எழுதியிருக்கிறேன். நாளைக்கு பஸ் நேரம் கேட்கிறேன்.

அந்த நோட்டில் என்ன தீர்மானம் எழுதினீர்கள்?

மேட்டுக்காட்டுக்காரி

முதல் தடவையாக நானே எழுதினேன் டீச்சர். பஸ்ஸை ஆறு ஐந்துக்கு மாற்ற டெப்போவுக்கு மனு, அதுவரை ஸ்பெஷல் கிளாஸ் நேரத்தை மாற்றுவது, சேர்க்கை மேஜையில் மதிப்பெண் பார்ப்பதற்கு முன் பிள்ளையிடம் தனியாகக் கேட்பது. தொழிற்கல்விப் பிரிவைத் திரும்பக் கேட்பதா வேண்டாமா என்பதில் சண்டை வந்து, அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தோம். தமிழாசிரியர் நான்கு சந்திப் பிழை திருத்தினார். "ஸ்பெஷல் கிளாஸ்" என்பதை மட்டும் திருத்தவில்லை.

நீலத்துண்டு

துண்டுச்சீட்டு நல்ல யோசனை. கையெழுத்து தெரியும் என்பதுதான் சிக்கல். அடுத்த முறை டிக் அடிக்கிற மாதிரி வையுங்கள். ஜமுக்காளத்தில் யார் எங்கே உட்கார்ந்தார்கள்?

மேட்டுக்காட்டுக்காரி

கவனித்தேன் சார். முதல் அரை மணி நேரம் இரண்டு ஓரமாகத்தான் இருந்தார்கள். டீ வந்தபோது கொஞ்சம் கலந்தது. முழுசாகக் கலந்தது என்று பொய் சொல்லமாட்டேன்.

தறிச்சத்தம்

அக்கா, பஸ் வந்துச்சா?

மேட்டுக்காட்டுக்காரி

மனு கொடுத்து பன்னிரண்டு நாள் ஆகிறது தம்பி. பார்க்கிறோம் என்றிருக்கிறார்கள். இன்றைக்கும் 5.10-தான். ஸ்பெஷல் கிளாஸைக் காலை எட்டு மணிக்கு மாற்றிவிட்டார்கள், திங்கட்கிழமையிலிருந்து. என் மகள் இனி குரூப் மாற்ற முடியாது, தேதி முடிந்துவிட்டது. அவளும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் சயின்ஸ் குரூப், அவளுக்குத் துணையாகத் தானும் காலை பஸ்ஸிலேயே போகிறேன் என்கிறாள். ஆறே முக்காலுக்குள் டிபன் கட்டியாக வேண்டும்.